தோல் வீடு

நாங்கள் குடியிருக்கும் மேல்மாடியில், படுக்கையறையின் வடமேற்கு மூலையில் ஒரு கறை இருக்கிறது. இலையில் ஊற்றிய ரசம் ஓடி நின்ற மாதிரி ஒரு வடிவம். 2024 ஜனவரி 15 அன்று பெலால் புயல் போன மறுநாள் காலையில்தான் அதை முதலில் பார்த்தேன். அப்போது உள்ளங்கை அகலம். இன்றைக்கு அதன்மேல் இரண்டு கோட்டிங் பெயின்ட் ஏறிவிட்டது, ஆனாலும் சாயங்கால வெயில் சாய்ந்து விழும்போது அதன் ஓரம் தெரியும். இதைப் பற்றி எழுத வேண்டும் என்று ஒரு வருஷமாக நினைத்துக்கொண்டே இருந்தேன். கூரை ஒழுகியதைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று தள்ளியும் போட்டேன். 2025 பிப்ரவரியில் அண்ணன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒரு படம்தான் கடைசியில் உட்காரவைத்தது. அந்தப் படத்துக்கு அப்புறம் வருகிறேன்.

மொரீஷியஸில் இருப்பவர்களுக்கு பெலாலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. பக்கத்துத் தீவான ரியூனியன்தான் நேரடியாக வாங்கியது; அங்கே ஊதா எச்சரிக்கை வரைக்கும் போனார்கள். இங்கே போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மிதந்த வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நாங்கள் இருப்பது மேட்டில், கத்ர் போர்னில். எங்கள் தெருவில் ஒரு லீச்சி மரக்கிளையும் சில வேலித் தகடுகளும் போனதோடு சரி. வீடு கான்க்ரீட் வீடு. ‘லகாஸ் பெத்தோன்’ என்று இங்குள்ளவர்கள் சொல்லும்போது அதில் ஒரு பெருமிதம் இருக்கும். சிக்லோனுக்குப் பயப்படத் தேவையில்லாத வீடு என்று அர்த்தம்.

கீழே வீட்டுக்காரப் பாட்டி. எழுபத்தாறு வயது. தாத்தாவுக்குத் தாத்தா காலத்தில் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்த குடும்பம். பாட்டிக்குத் தெரிந்த தமிழ் என்றால் கோயிலில் பாடும் சில பாட்டுகள், நூறு வரைக்கும் எண்கள், அப்புறம் ஏழு கறிப் பந்தியின் பெயர்கள். ரசத்தை ‘ரசோன்’ என்பார். மற்றதெல்லாம் கிரியோல், இந்தத் தீவின் பேச்சுமொழி. என் கிரியோல் அரைகுறை, அவர் தமிழ் கால்குறை, இரண்டும் சேர்ந்து எட்டு வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. என்னை ‘மோ ஃபி’ என்று கூப்பிடுவார், என் பெண்ணே என்று பொருள்.

கறையைக் காட்டியதும் பாட்டி மாசோனுக்குப் போன் போட்டார். மாசோன் என்றால் கொத்தனார். அவர் இரண்டு நாளில் வந்து, மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி நிற்கும் இடத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்த்து, தளத்தில் விரிசல், மேலே பூசியிருந்த நீர்த்தடுப்புப் பூச்சும் உரிந்துவிட்டது என்றார். சின்ன வேலைதானாம். ஆனால் தளம் மூன்று நாள் நன்றாகக் காய்ந்திருந்தால்தான் புதுப் பூச்சு பிடிக்குமாம். சரி, எப்போது வருவீர்கள்? காவடி முடியட்டும் என்றார். ஜனவரி 25 தைப்பூசம்; நியாயம்தான், அவரே காவடி எடுப்பவர். பிறகு பிப்ரவரி 1, அடிமை ஒழிப்பு நாள் விடுமுறை. பிறகு சீனப் புத்தாண்டு. நடுவில் மழை. பெலாலுக்குப் பிறகு தீவில் ஒழுகாத வீட்டைவிட ஒழுகும் வீடுதான் அதிகம் போலிருந்தது, மாசோன்களும் அமைச்சர்கள் மாதிரி நேரம் கொடுத்தார்கள். நாங்கள் ஒரு நீலத் தார்ப்பாயை விரித்து, நாலு மூலையிலும் சிமெண்டுக் கல் வைத்துவிட்டுக் காத்திருந்தோம்.

பிப்ரவரி 22 அன்று எலினோர் புயல் வந்தது.

## அண்ணனும் நானும்

கதையை இங்கே நிறுத்திக் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

எங்கள் ஊர் திருநெல்வேலி மாவட்டத்தில் ராதாபுரம் பக்கம். அண்ணன் கூடங்குளம் அணுமின் நிலையத்தில் ஓர் ஒப்பந்தக்காரரிடம் மின்வேலை மேற்பார்வையாளர். 2011 ஆகஸ்டில் இடிந்தகரையில் போராட்டம் சூடுபிடித்தபோது எங்கள் வீட்டுக்குள்ளேயே இரண்டு கட்சி ஆனது. அம்மா மூன்றாவது கட்சி. யாரும் சாப்பிடும்போது அதைப் பற்றிப் பேசக் கூடாது என்பது அந்தக் கட்சியின் ஒரே கொள்கை. 2012 பொங்கலுக்குச் சென்னையிலிருந்து போயிருந்தபோது கரும்பைக் கடித்துக்கொண்டே அண்ணனோடு நல்ல சண்டை.

அண்ணனிடம் வாதத்துக்குச் சரக்கு இருந்தது. “ஃபுகுஷிமா வேற, இது வேறட்டி” என்று ஆரம்பித்தான். கரண்ட் போனாலும் காற்றோட்டத்தாலேயே சூட்டைத் தணிக்கும் ஏற்பாடு இங்கே இருக்கிறது. எரிபொருள் உருகினாலும் ஏந்திக்கொள்ள அடியில் கலம் இருக்கிறது. ஜப்பான் மாதிரி நிலத்தட்டுகள் இடிக்கும் கரை இதில்லை. எவ்வளவு காற்று, எவ்வளவு அலை, எவ்வளவு நில அதிர்வு வரைக்கும் தாங்கும் என்று எல்லாவற்றுக்கும் ஒரு கணக்கு வைத்துத்தான் கட்டுகிறார்கள். அதையெல்லாம் வரிசையாகச் சொன்னான். என்னிடம் இருந்தது பயம் ஒன்றுதான். பயத்தை வைத்துக்கொண்டு எஞ்சினியரிங் ஆட்களோடு சண்டை போட்டவர்களுக்குத் தெரியும், பத்தாவது நிமிஷத்தில் நாம் கத்திக்கொண்டிருப்போம், அவர்கள் சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

கடைசியாக ஒன்று சொன்னேன். “சுனாமிக்கு அப்புறம் அங்க ஒரு புயல் வந்துச்சே, அதுக்கு அவங்ககிட்ட ஒரு ஏற்பாடும் இல்லையே?”

“எந்தப் புயல்? வந்துச்சா? ஒண்ணும் ஆகலையே” என்றான்.

அது உண்மை. ஒன்றும் ஆகவில்லை. அந்த இடத்தில் வாயடைத்தவள்தான், பன்னிரண்டு வருஷம் பதில் கிடைக்கவில்லை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் கன்னியாகுமரிக் கடலைக் கடைந்துவிட்டுப் போனபோது நான் மொரீஷியஸுக்கு வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. பதறிப்போய் அண்ணனுக்குப் போன் போட்டேன். “பிளாண்ட்ல ஒண்ணும் இல்ல, பாத்தியா” என்றவன் உடனே நிறுத்திக்கொண்டான். கரையோர ஊர்களில் கடலுக்குப் போனவர்கள் திரும்பாமல் ஊரே கரையில் நின்றுகொண்டிருந்த நேரம் அது. அன்றைக்கு நாங்கள் இருவரும் அதற்குமேல் பேசவில்லை.

## மே மாதத்துப் புயல்

நான் சொன்ன புயலின் பெயர் சொங்டா. ஃபுகுஷிமா அணு உலைகளை உடைத்த 2011 மார்ச் 11 சுனாமியை எல்லோருக்கும் தெரியும். அதிலிருந்து பதினொரு வாரம் கழித்து வந்த இதை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. மே மாதக் கடைசியில், பிலிப்பைன்ஸுக்குக் கிழக்கே சூப்பர் டைஃபூன் என்று சொல்லும் அளவுக்குப் பெரிதாகி, ஒகினாவா வழியாக ஜப்பானை நோக்கித் திரும்பியது. சென்னையில் ஒரு விடுதி அறையில், ராத்திரி தூக்கம் வராமல் டிவியில் அந்தச் செய்தி கீழே ஓடியதைப் பார்த்தேன். ஒரு வரிதான். உடைந்த அணு உலைகளை நோக்கிப் புயல்.

அப்போது அந்த உலைகள் எந்த நிலையில் இருந்தன என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1ஆம் உலைக் கட்டடத்தின் மேல்பகுதி மார்ச் 12 அன்று ஹைட்ரஜன் வெடித்துப் பறந்தது. 3ஆம் உலை 14ஆம் தேதி. 4ஆம் உலை 15ஆம் தேதி. இத்தனைக்கும் அது ஓடிக்கொண்டிருக்கவே இல்லை, பக்கத்து 3ஆம் உலையிலிருந்து குழாய் வழியாக வந்து சேர்ந்த வாயுதான் வெடித்தது. அந்த 4ஆம் கட்டடத்தின் மேல்தளத்தில் ஒரு குளம், அதற்குள் 1,535 எரிபொருள் கட்டுகள். குளத்துக்கு மேலே கூரை இல்லை, வானம்தான். கீழே அடித்தளங்களில், உருகிய எரிபொருளைக் குளிர்விக்க ஊற்றிய நீர் கதிரியக்கத்தோடு தேங்கி நின்றது. ஜூன் தொடக்கத்தில் அந்த நீர் ஒரு லட்சம் டன்னுக்கு மேல் என்று கணக்குச் சொன்னார்கள். வெடிப்பில் சிதறிய தூசி வளாகம் முழுக்க மண்மேல் படிந்து கிடந்தது. இதன்மேல் புயல் மழை பெய்தால் தூசி கடலுக்கு ஓடும், அடித்தளம் நிரம்பி வழியும், காற்று மீதியைக் கிளப்பும்.

என்ன செய்தார்கள்? பிசின் தெளித்தார்கள். தூசி பறக்காமல் மண்ணோடும் சுவரோடும் ஒட்டிக்கொள்ள ஒரு செயற்கைப் பிசின். அதை ஏப்ரலில் இருந்தே தெளித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், புயல் வருகிறது என்றதும் முடிந்த அளவுக்கு வேகப்படுத்தினார்கள். கட்டடங்களுக்கு மூடி போட்டாகவில்லை. இன்னும் மூட முடியவில்லை, காற்றுக்கும் மழைக்கும் போதிய ஏற்பாடு செய்ய முடியவில்லை என்று நிலையத்தை நடத்தும் டெப்கோ நிறுவனமே வருத்தம் தெரிவித்தது. அந்த வருத்தம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. கூரை இல்லாத வீட்டுக்காரர், மழை வருவதற்கு முந்தின நாள், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று அக்கம்பக்கத்தாரிடம் சொல்கிறார். வேறென்ன சொல்ல முடியும் அவரால்?

மே 29 அன்று ஷிகோகு தீவை நெருங்கும்போதே சொங்டா வலுவிழந்து சாதாரணத் தாழ்வுப் பகுதியாகிவிட்டது. ஃபுகுஷிமாவில் மழைதான் பெய்தது. 1ஆம் உலையின் அடித்தளத்தில் தேங்கிய நீர்மட்டம் ஏறியது. வழியவில்லை. செய்தி அடுத்த நாளே மறைந்துபோனது. அண்ணன் சொன்னது சரிதான், ஒன்றும் ஆகவில்லை.

## அலிக்ஸுக்கும் கரோலுக்கும் நடுவில்

எலினோர் பெலாலைப் போல இல்லை. சின்னப் புயல். மூன்றாம் வகுப்பு எச்சரிக்கை கொடுத்தார்கள். எங்கள் தெருவில் பாதிப்பேர் அதையே கொஞ்சம் சலிப்பாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். ரொட்டி, மத்திமீன் டப்பா, மெழுகுவர்த்தி வாங்கி வைத்தாயிற்று. சாயங்காலம் தார்ப்பாயைப் பார்க்க மாடிக்குப் போனபோதே ஒரு மூலைக் கல் நகர்ந்திருந்தது. இன்னொரு கல்லைத் தூக்கி வைத்தேன். ராத்திரி எட்டு மணிக்குத் தார்ப்பாய் பட்பட் என்று அடித்துக்கொள்ளும் சத்தம். அப்புறம் அந்தச் சத்தமும் இல்லை. இல்லாமல் போனதுதான் பயமாக இருந்தது. பத்து மணிக்குக் கறை இருந்த இடத்திலிருந்து தண்ணீர் சொட்டவில்லை, ஓடியது. சுவரோடு வழிந்து, சுவிட்ச் போர்டுக்கு ஒரு சாண் தள்ளி இறங்கியது. கணவர் மெயின் ஸ்விட்சை அணைத்தார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு கீழே பாட்டி வீட்டுக்கு இறங்கினோம்.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. பெலாலில் உள்ளங்கை அகலம் நனைந்த சுவர், அதில் பாதிகூட இல்லாத இந்தப் புயலில் ஆறாக ஓடுகிறது. பாட்டியிடம் அதைத்தான் புலம்பினேன். பாட்டி பேட்டரி ரேடியோவின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, டீ போடட்டுமா என்றார். பிறகு, “எங்க வீடு தோல் வீடு” என்றார்.

எனக்குப் புரியவில்லை. தோல் வீடா? ஒரு கணம், தோலால் செய்த கூடாரம் மாதிரி எதையோ கற்பனை செய்தேன். பாட்டி சிரித்துக்கொண்டே கையால் நெளிநெளியாக அலை வரைந்து காட்டினார். நெளித்தகடு. பிரெஞ்சிலும் கிரியோலிலும் அதற்குப் பெயர் ‘தோல்’. எட்டு வருஷத்தில் நூறு தடவை கேட்ட சொல்தான். தமிழ் வாக்கியத்துக்குள் வந்து விழுந்ததால் அன்றைக்கு வேறாகக் கேட்டது.

1960இல் பாட்டிக்குப் பன்னிரண்டு வயது. ரோஸ் பெல் பக்கம் ஒரு கரும்புத் தோட்டத்து லைனில் குடியிருப்பு. மரச்சட்டம், தகடு, தரை மண். அந்த வருஷம் ஜனவரி நடுவில் அலிக்ஸ் வந்தது. பெரிய புயல்தான், ஆனால் வீடு நின்றது. ஒரே ஒரு தகடு மட்டும் பெயர்ந்து பக்கத்துக் கரும்புக் காட்டில் போய் விழுந்தது. அப்பா அதைத் தேடி எடுத்து வந்தார். மடங்கியிருந்ததைக் கல்லில் வைத்துச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தினார். ஆணி இல்லை. கடையிலும் இல்லை, ஏனென்றால் தீவில் எல்லோருக்கும் அந்த வாரம் ஆணி வேண்டியிருந்தது. பழைய ஆணிகளைப் பிடுங்கி, நிமிர்த்தி, அதே ஓட்டைகளில் திரும்ப அடித்தார். ஓட்டைகள் பெரிதாகியிருந்ததால் ஆணி ஆடியது. மேலே கல் ஏற்றி வைத்தார். மூலைக்காலும் லேசாக ஆடியது. அறுவடைக் காசு வந்ததும் மாற்றலாம் என்றார். வெயில் வந்தது. படுக்கையைக் காயப்போட்டார்கள். ஆறு வாரம்கூட ஆகவில்லை, பிப்ரவரி கடைசியில் கரோல்.

கரோலைப் பற்றிப் புத்தகத்தில் படித்திருக்கிறேன். மணிக்கு 256 கிலோமீட்டர் வேகத்தில் வீசிய காற்று, 42 சாவு, கரும்பில் பாதிக்கு மேல் நாசம். தீவே அதற்குப் பிறகுதான் கான்க்ரீட்டுக்கு மாறியது. பாட்டி சொன்னதில் எந்த எண்ணும் இல்லை. அப்பா தட்டி நிமிர்த்திய அந்த ஒரு தகடுதான் முதலில் போனது என்றார். அது போன ஓட்டை வழியாகக் காற்று உள்ளே புகுந்தது. புகுந்த காற்று மற்ற தகடுகளை உள்ளேயிருந்து மேலே தள்ளியது. வெளியிலிருந்து அடித்த காற்றை அவை தாங்கியிருக்கும், உள்ளிருந்து தள்ளியதைத் தாங்கவில்லை. ஆலைக் கட்டடத்துக்கு ஓடினார்கள். காலையில் வந்து பார்த்தபோது அடுப்புக்கல் மட்டும் இருந்த இடத்தில் இருந்தது. அண்டை வீட்டில் அலிக்ஸுக்கு எதுவும் பெயரவில்லை, அவர்கள் வீடு கரோலிலும் பாதி நின்றதாம்.

“அலிக்ஸ் வீட்டைப் பாத்துட்டுப் போச்சு, மோ ஃபி” என்று கிரியோலில் சொன்னார். “கரோல் வந்து எடுத்துட்டுப் போச்சு.” திருடன் முதல் நாள் வந்து வேவு பார்த்துவிட்டுப் போவதைச் சொல்லும் அதே தொனி. டீயில் சர்க்கரை போதுமா என்று கேட்டார்.

மேலே தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, 2012 பொங்கலன்று என் அண்ணனிடம் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. அவன் அடுக்கிய கணக்குகள் எல்லாம் பெயராத வீட்டுக்கானவை. இந்தக் காற்றைத் தாங்கும், இந்த அலையைத் தாங்கும் என்பதெல்லாம் எல்லா ஆணியும் இறுகியிருக்கும் முதல் நாளின் கணக்கு. சொங்டா வந்தபோது ஃபுகுஷிமாவுக்கு எந்தக் கணக்கும் இல்லை. அது அலிக்ஸுக்கும் கரோலுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்த வீடு. வலுவிழந்து வந்த ஒரு மழைக்கு முன்னால் மன்னிப்புக் கேட்க வேண்டிய நிலையில் இருந்தது. புயல் எவ்வளவு பெரியது என்று நான் அன்றைக்குக் கத்திக்கொண்டிருந்தேன். வீடு அப்போது எப்படி இருந்தது என்று கேட்டிருக்க வேண்டும்.

## நாற்பது வருஷத்து இடைவெளி

எங்கள் மாசோன் மே மாதம் வந்தார். மூன்று நாள் காயவிட்டு, பழைய பூச்சைச் சுரண்டி, விரிசலை அகலமாக வெட்டி அடைத்து, மேலே தடுப்புப் பூச்சு போட்டார். ஜனவரி 15இலிருந்து பார்த்தால் நாலு மாதம். நடுவில் ஒரே ஒரு புயல். எங்களுக்கு அதிர்ஷ்டம்தான்.

ஃபுகுஷிமாவில் என்ன ஆனது என்று அதன்பிறகு தேடித் தேடிப் படித்தேன். 1ஆம் உலைக்கு மூடி போடும் வேலையை 2011 ஜூன் கடைசியில் தொடங்கி அக்டோபர் 28 அன்று முடித்தார்கள். இரும்புச் சட்டம், அதன்மேல் பாலியஸ்டர் துணிப் பலகைகள். கதிரியக்கத்தால் ஆட்கள் மேலே ஏறி நட்டு போல்ட் முடுக்க முடியாது. அதனால் மரத்தச்சர்கள் ஆணியில்லாமல் மூட்டுப் போடுகிற மாதிரி, ஒன்றுக்குள் ஒன்று சொருகிக்கொள்ளும்படி சட்டங்களைச் செய்து, தூரத்தில் ஓனஹாமா துறைமுகத்தில் ஒருமுறை பொருத்திப் பார்த்து, பிறகு கிரேனால் தூக்கி வைத்தார்கள். இதைப் படித்தபோது பாட்டியின் அப்பா ஞாபகம் வந்தது. ஆணி கிடைக்காத இடத்தில் ஆளுக்கு ஒரு வழி. அந்த மூடி முடிவதற்குள், செப்டம்பர் 21 அன்று ரோக் புயல் ஹமாமட்சுவில் கரையேறி ஃபுகுஷிமா வழியாகவே வடக்கே போனது. அப்போதும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. தோல் பாதி போர்த்திய நிலையில் தப்பித்தார்கள்.

எனக்கு உறைத்தது, இது அந்த ஒரு வருஷத்தோடு முடியவில்லை என்பதுதான். இங்கே நவம்பரிலிருந்து மே நடுவரைக்கும் புயல் காலம் என்றால் அங்கே கோடையும் இலையுதிர்காலமும். வருஷம் தவறாமல் வரும். கழிவுநீரைத் தொட்டி தொட்டியாகச் சேர்த்தார்கள். தொட்டியைச் சுற்றி, கசிந்தால் தேங்கட்டும் என்று சிறு வரப்பு கட்டினார்கள். 2013 செப்டம்பரில் மான்யீ புயலின் மழை அந்த வரப்புகளுக்குள் நிரம்ப, அளந்து பார்த்து 1,130 டன் நீரை வெளியே விட வேண்டியதாயிற்று. அடுத்த மாதமே இன்னொரு மழை, எதிர்பார்த்ததைவிடப் பலமாகப் பெய்து, பல இடங்களில் வரப்பைத் தாண்டியே வழிந்தது. கசிவைத் தடுக்கக் கட்டிய வரப்பே மழையைப் பிடித்துவைக்கும் பாத்திரமாகிவிட்டது. நம் ஊரில் வீட்டுக்குள் தண்ணீர் வராமல் இருக்க வாசலில் மேடு கட்டி, உள்ளே ஒழுகிய தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் தவித்தவர்களுக்கு இது புரியும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தபோது, எங்கள் சித்தி வீட்டில் அதுதான் நடந்தது.

மலைப்பக்கத்திலிருந்து நிலத்தடி நீர் ஒரு நாளைக்கு சுமார் 400 டன் அடித்தளங்களுக்குள் வந்துகொண்டிருந்தது. அதைத் தடுக்க, உலைகளைச் சுற்றி ஒன்றரைக் கிலோமீட்டர் நீளத்துக்கு, 30 மீட்டர் ஆழத்துக்கு மண்ணையே உறையவைத்து ஒரு பனிச்சுவர் எழுப்பினார்கள். 2016 மார்ச்சில் குளிரூட்டத் தொடங்கினார்கள். அந்த வருஷப் புயல் மழையிலேயே சில இடங்களில் பனி உருகியது. மறுபடி உறையவைத்தார்கள். தரையெல்லாம் பூசினார்கள், கூரை ஓட்டைகளை ஒவ்வொன்றாக அடைத்தார்கள், வாய்க்கால்களைத் திருப்பினார்கள். இப்போது உள்ளே வரும் நீர் நாளைக்கு நூறு டன்னுக்குக் கீழே இறங்கியிருக்கிறது. 4ஆம் உலையின் அந்தத் திறந்த குளத்திலிருந்து 1,535 கட்டுகளையும் 2014 டிசம்பருக்குள் வெளியே எடுத்துவிட்டார்கள். இதையெல்லாம் படிக்கும்போது அண்ணன் மாதிரி ஆட்கள்மேல் எனக்கு மரியாதை கூடியதே தவிரக் குறையவில்லை. ஓட்டையை அடைப்பவர்கள் அவர்கள்தான். கட்டியவர்களைவிட அடைப்பவர்களுக்கு வேலை அதிகம், புகைப்படம் குறைவு.

ஆனால் வேலை முழுக்க முடிய முப்பது நாற்பது வருஷம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். ஒரு வீட்டை நாற்பது வருஷம் அலிக்ஸுக்கும் கரோலுக்கும் நடுவிலேயே வைத்திருப்பது என்றால் என்ன என்று பாட்டியிடம் கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. 2019இல் ஹகிபிஸ் புயலில், சுத்தம் செய்த மண்ணையும் புல்லையும் கட்டி வைத்திருந்த மூட்டைகள் தமுரா நகரத்தில் ஆற்றோடு போயின. அது நிலையத்துக்கு வெளியே, எட்டு வருஷம் கழித்து. மூட்டை கட்டி ஓரமாக வைத்ததையும் வெள்ளம் தேடி வந்து எடுத்தது.

நான் போராட்டக்காரியாக ஆகிவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். இந்தத் தீவில் நான் போடும் ஒவ்வொரு விளக்கும் நிலக்கரியிலும் எண்ணெயிலும் கரும்புச் சக்கையிலும் எரிகிறது. அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. கூடங்குளத்தை மூடு என்று நான் இன்றைக்கும் அண்ணனிடம் சொல்லமாட்டேன். சொன்னால் பழையபடி பத்தாவது நிமிஷத்தில் கத்துவேன்.

## அந்தப் படம்

2025 பிப்ரவரி 14 ராத்திரி, செர்னோபிலில் ஒரு ட்ரோன் வந்து விழுந்தது. 1986இல் வெடித்த உலையை அவசர அவசரமாக மூடிய பழைய கான்க்ரீட் பெட்டிக்கு மேலே, 2016இல் ஒரு பெரிய இரும்பு வளைவைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினார்களே, 108 மீட்டர் உயரம், 36,000 டன், நூறு வருஷம் தாங்கும் என்று சொன்னார்களே, அதன் கூரையில் ஓட்டை. உள்ளே இருந்த நீர்த்தடுப்பு அடுக்கில் தீ பிடித்து வாரக்கணக்கில் கனன்றது. அந்தக் கனலைத் தேடி அணைக்க, தீயணைப்பு வீரர்கள் கூரையில் மேலும் பல ஓட்டைகள் வெட்ட வேண்டியிருந்தது.

அண்ணன் அனுப்பியது அந்தக் கூரையின் படம். வெள்ளித் தகட்டில் கிழிந்த ஒரு கருப்பு வாய். அவன் வழக்கமாகப் படத்தோடு நாலு வரி விளக்கம் எழுதுவான், கதிர்வீச்சு அளவு உயரவில்லை, பயப்பட ஒன்றுமில்லை என்று. இந்தத் தடவை இரண்டே சொல்.

“மழை பெஞ்சா?”

நான் பாட்டி கதையை அவனிடம் சொல்லியிருந்தேனா என்று யோசித்துப் பார்த்தேன். எலினோர் போன மறுநாள் போனில் சொன்ன ஞாபகம். அப்போது அவன் ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டான். பதிலுக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல், எங்கள் மூலையைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். பெரிதாக்கிப் பார்த்திருப்பான் போல. “ஓரம் தெரியுதே, இன்னும் ஈரம் இருக்கா?” என்று கேட்டான். காய்ந்துவிட்டது, கறைதான் போகவில்லை என்றேன்.

இரண்டு வாரம் கழித்து கரான்ஸ் புயல் வந்தது. எங்களைத் தொட்டும் தொடாமலும் போய் ரியூனியனை அடித்தது. பாட்டி ரேடியோவை மேசைமேல் வைத்துக்கொண்டு காலையிலிருந்தே உட்கார்ந்திருந்தார். தளம் நன்றாகத்தான் இருந்தது, மாசோன் ஐந்து வருஷத்துக்குக் கவலையில்லை என்று சொல்லியிருந்தார். நான் மாடிக்குப் போய்ப் பூச்சைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு வந்தேன். பிறகு படுக்கையறைக்குப் போய்க் கட்டிலை அந்த மூலையிலிருந்து நகர்த்திப் போட்டேன்.